தைப்பொங்கலுக்குப் பிறகு முயல் வேட்டை

முயல் வேட்டைக்குத் துவக்கும் லைசன்சும் இருந்தால் போதும் என்று வெள்ளைக்காரன் நினைக்கிறான். தமிழன் போவதென்றால் முதலில் பஞ்சாங்கம் வேண்டும். டிசம்பர் விடுமுறையில் போகலாம் என்றேன். திருவெம்பாவைக்குள் உயிர்க்கொலையா என்று என் மனைவி இரஞ்சிதம் என்னைத் தின்னாத குறையாகக் கேட்டாள். புதுவருடம் பிறந்ததும் போகலாம் என்றேன். அந்தக் கிழமை வீட்டில் சதுர்த்தி விரதம் என்று என் சித்தப்பா மகன் இளங்கீரன் இழுத்தான். விரதம் அவனுக்கில்லை, அவன் மனைவிக்கு. கூட வருகிற நண்பர் சேகர் சனிக்கிழமைகளில் அசைவம் தொடமாட்டார். கடைசியில் தைப்பொங்கல் கழிந்து வருகிற வெள்ளிக்கிழமை புறப்படுவது, சனிக்கிழமை சும்மா இருந்து கதைப்பது, ஞாயிற்றுக்கிழமை சுடுவது என்று முடிவாயிற்று. விரதம் இல்லாதது முயலுக்கு மட்டும்தான்.

நான் டண்டினோங்கில் லொறி திருத்துகிற இடத்தில் வேலை செய்கிறேன். அங்கே என்னோடு வேலை செய்பவரின் தம்பிக்கு வாகா வாகா பக்கத்தில் ஆட்டுப் பண்ணை இருக்கிறது. நாங்கள் மெல்பேர்னில், அதாவது ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில். வாகா வாகா நியூ சவுத் வேல்ஸ். கோடையில் முயல் பெருகி ஆட்டுக்கு வைத்த புல்லை வேரோடு தின்றுவிடுமாம். யாராவது வந்து சுட்டால் நல்லது என்று அந்த மனிதர் காத்துக்கொண்டிருந்தார். மாநிலம் விட்டு மாநிலம் துவக்குக் கொண்டு போவதற்கு என்னென்ன பூட்டு, என்னென்ன அனுமதி என்று எல்லாம் நானே விசாரித்தேன். காட்டுத்தீ எச்சரிக்கை உள்ள நாளில் புல்லுக்குள் கார் விடக்கூடாது என்பதிலிருந்து பாம்புக்கடிக்கு எந்தப் பட்டி கட்டுவது என்பதுவரை எனக்கு மனப்பாடம்.

இவ்வளவு மினைக்கெட்டது முயலுக்காக என்று யாராவது நினைத்தால் அவர்களுக்கு விசர். நான் மினைக்கெட்டது என் அண்ணைக்காக.

அண்ணையின் பெயர் அரியரத்தினம். சிட்னியில் கிரவீனில் இருந்தார். நாங்கள் கூடப்பிறந்தது இரண்டே பேர். ஏழெட்டு வருடமாக எங்களுக்குள் பேச்சு இல்லை. அவருடைய மகள் தர்சினியின் கலியாணத்துக்கு எனக்கு அழைப்பு வாட்ஸ்அப்பில் வந்தது. கார்டைப் படம் பிடித்து, கீழே கும்பிடுகிற கை ஒன்றும் போட்டு அனுப்பியிருந்தார்கள். மெல்பேர்னில் அண்ணியின் சொந்தக்காரர் வீடுகளுக்கு அதே கார்டை வெற்றிலைத் தட்டத்தில் வைத்து நேரே கொண்டுபோய்க் கொடுத்தார்கள். என் வீட்டு வாசலைத் தாண்டித்தான் போனார்கள். பிறத்தியாருக்குத் தட்டம், கூடப்பிறந்தவனுக்குப் படமா? நான் போகவில்லை. மணவறையில் தாய்மாமன் பக்கத்தில் சித்தப்பாவின் இடம் வெறுமையாக இருந்ததாம். இருக்கட்டும் என்றுதான் அன்றைக்கு நினைத்தேன்.

அதற்குப் பிறகு அவரும் போன் அடிக்கவில்லை, நானும் அடிக்கவில்லை. எங்கள் பரம்பரையில் வளைந்து கொடுக்கிற எலும்பு ஒன்றுமில்லை. ஆனால் போன வருடம் அண்ணைக்கு இருதய அடைப்புக்குக் குழாய் வைத்தார்கள் என்று இளங்கீரன் சொன்ன நாளிலிருந்து எனக்கு நித்திரை கெட்டுப்போயிற்று. வீட்டுக்குப் போய் நின்றால் யார் முதலில் வாய் திறப்பது என்ற வழக்கு வரும். அண்ணி தேத்தண்ணியைக் கொண்டுவந்து ஒரு சத்தத்தோடு வைப்பார். காட்டில் அந்தக் கரைச்சல் இல்லை. இரண்டு பேரும் ஒரே திசையைப் பார்த்துக்கொண்டு நிற்கலாம். முயல் ஓடினால் அதைப்பற்றிக் கதைக்கலாம். மன்னிப்பு என்ற சொல்லே வேண்டாம்.

வாகா வாகா இரண்டு நகரத்துக்கும் ஏறக்குறைய நடுவில். அவர் பாதித் தூரம் வரட்டும், நான் பாதித் தூரம் போகிறேன். இதைவிடக் கௌரவமான சமாதானம் உண்டா? இளங்கீரன்தான் நடுவில் நின்று கேட்டான். அண்ணை இரண்டு கிழமை பதில் சொல்லவில்லை. பிறகு, தனக்குத் துவக்கு லைசன்ஸ் இல்லையே, வந்து என்ன செய்வது என்று கேட்டாராம். கதிரை போட்டு இருந்து எனக்குப் பிழை சொல்லட்டும், அதற்கு லைசன்ஸ் தேவையில்லை என்று சொல்லியனுப்பினேன். அதைக் கேட்டு அண்ணை சிரித்தார் என்று இளங்கீரன் சொன்னான். நான் குசினிக்குள் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தேன்.

அன்றிலிருந்து எனக்குத் தலைகால் தெரியவில்லை. அண்ணைக்கென்று முதுகு சாய்க்கிற மடிப்புக் கதிரை வாங்கினேன். வெயிலுக்கு அகலத் தொப்பி வாங்கினேன். அவருக்குச் சீனி வருத்தம் என்பதால் குரக்கன் மாவில் பிட்டு அவிப்பது எப்படி என்று இரஞ்சிதத்திடம் கேட்டுப் பழகினேன். புறப்படுகிற வாரம் புதன்கிழமை, வேலையிலிருந்து நேரே கேரம் டவுன்ஸ் சிவா விஷ்ணு கோயிலுக்குப் போனேன். அண்ணையின் பெயரையும் நட்சத்திரத்தையும் சொல்லி, தீர்க்காயுசாக இருக்கவேண்டும் என்று அர்ச்சனை செய்தேன். ஐயர் தந்த விபூதியை ஒரு கடுதாசியில் மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தேன். அண்ணையின் நெற்றியில் நானே பூசவேண்டும் என்று ஆசை.

வியாழன் பின்னேரம் சேகர் ஐஸ் பெட்டியோடு வந்தார். சேகர் கோயம்புத்தூர்க்காரர், வங்கி ஒன்றில் கணினி வேலை. வேட்டையில் அவருக்குச் சமையல் பொறுப்பு. எங்கள் குடும்பக் கதை அவருக்குத் தெரியாது. சிட்னியிலிருந்து ஒரு பெரியவர் வருகிறார் என்று மட்டும் சொல்லியிருந்தேன். பெட்டியை இறக்கி வைத்துவிட்டு அவர் சாதாரணமாகத்தான் சொன்னார்.

“இளங்கீரன் வரலையாம்ணா. இப்பத்தான் எனக்கு மெசேஜ் போட்டார். ஏதோ துடக்காம், முப்பத்தொரு நாளைக்கு எங்கேயும் வரமாட்டாராம். துடக்குன்னா எங்க ஊர்ல தீட்டுன்னு சொல்வோமே, அதுதானே?”

ஆம் என்று தலையாட்டினேன். பிறகுதான் அது எனக்குள் இறங்கியது. இளங்கீரனும் நானும் ஒரே பாட்டனின் பேரன்கள். அவனுக்கு முப்பத்தொரு நாள் துடக்கென்றால் எனக்கும் துடக்கு. செத்தது எங்கள் இரத்தம். கனடாவில் யாராவது போயிருந்தால் எனக்குத்தான் முதலில் போன் அடித்திருப்பார்கள். யாழ்ப்பாணத்தில் என்றாலும் அப்படித்தான். எனக்கு மறைக்கக்கூடிய சாவு இந்த உலகத்தில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

இளங்கீரன் போனை எடுக்கவில்லை. மறுபடி மறுபடி அடித்தேன். எடுத்தபோது அவனுக்குப் பின்னால் பெண்கள் அழுகிற சத்தம் கேட்டது. அவன் சிட்னிக்கே போய்விட்டான்.

“எப்பவடா?” என்றேன்.

“செவ்வாய்க்கிழமை விடிய. நடக்கப் போன இடத்திலை பஸ் தரிப்பிலை இருந்தவராம், பிறகு எழும்பேல்லை.”

“பத்தடி தள்ளியிருக்கிற கடைக்கும் கார் எடுக்கிற மனுசன் என்னத்துக்கு நடக்கப் போனவர்?”

போனில் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது, அழுகை குறைந்தது. பிறகு சொல்லிவிட்டான்.

“உங்களோடை காட்டுக்கு வாறதுக்குத்தான். தம்பிக்கு முன்னாலை களைச்சுப்போய் நிக்கக்கூடாது எண்டு புதுச் சப்பாத்து வாங்கி ஒவ்வொரு நாளும் நடந்தவர். டொக்டர் வேண்டாம் எண்டும் கேக்கேல்லை. அண்ணி உங்களுக்குச் சொல்லவேண்டாம் எண்டவ. காட்டுக்குக் கூப்பிட்டவர் சுடலைக்கு வரத் தேவையில்லையாம்.”

செவ்வாய்க்கிழமை. அப்படியென்றால் புதன்கிழமை நான் ஒரு பிணத்துக்குத் தீர்க்காயுசு கேட்டிருக்கிறேன். துடக்கோடு கருவறை வாசலில் நின்று கேட்டிருக்கிறேன். ஐயரும் மணி அடித்துத் தந்தார், நானும் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். ஊரே எனக்கு மறைத்தது சரி, சாமியுமா மறைத்தது? எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த மடிப்புக் கதிரையை வளவுக்குள் எறிந்தேன். சேகர் என்ன ஏது என்று தெரியாமல் ஓடிப்போய் அதை எடுத்து நிமிர்த்தி வைத்தார்.

போவதில்லை என்றுதான் முதலில் இருந்தேன். வரவேண்டாம் என்ற வீட்டுக்கு என்ன முகத்தோடு போவது? இரஞ்சிதம் என் சூட்கேசை எடுத்து வேட்டைக்கு வைத்த உடுப்பையெல்லாம் வெளியே போட்டுவிட்டு வேட்டியை வைத்தாள். கலியாணத்துக்குத்தான் அழைப்புப் பார்க்கிறது, செத்த வீட்டுக்கு ஆர் அழைப்பு அனுப்பிறது, வெளிக்கிடுங்கோ என்றாள். அவள் சொன்னது எங்கள் வழக்கம்.

வெள்ளிக்கிழமை, புறப்படுவதாக இருந்த அதே நேரத்துக்குப் புறப்பட்டோம். சேகர்தான் ஓட்டினார். விஷயம் தெரிந்த பிறகு அந்த மனிதர் என்னைவிட உடைந்துபோயிருந்தார். தன் வாயால் சொல்லிவிட்டேனே என்று அல்பரி வரைக்கும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே வந்தார். நீங்கள் சொல்லியிராவிட்டால் நான் அண்ணை வருவார் என்று பண்ணை வாசலில் போய்க் காத்திருப்பேன் என்றேன். வாகா வாகாவுக்குத் திரும்புகிற பலகை வந்தது. சேகர் என்னைப் பார்த்தார். நேரே போங்கோ என்றேன்.

சனிக்கிழமை மண்டபம் நிறைந்திருந்தது. அண்ணைக்கு நல்ல பட்டு வேட்டி கட்டியிருந்தார்கள். மெலிந்திருந்தார். நடந்த நடையில் மெலிந்திருப்பார். கொள்ளி வைக்க ஆண்பிள்ளை இல்லாத வீட்டில் அந்த உரிமை தம்பிக்கு. தம்பியின் இடத்தில் இளங்கீரன் ஈர வேட்டியோடும் விரலில் தர்ப்பையோடும் நின்றான். என்னைக் கண்டதும் தலையைக் குனிந்துகொண்டான். தர்சினி கண்டாள், அழுத கண்ணை வேறு பக்கம் திருப்பினாள். என்னை யாரும் வா என்று கூப்பிடவுமில்லை, போ என்று சொல்லவுமில்லை. நான் பின்வரிசைக்குப் பின்னால் சுவரோடு நின்றேன். என் அண்ணை, என் இரத்தம், எனக்காக நடந்து செத்த மனிதர், நான் அங்கே வழிப்போக்கனைப்போல நின்றேன். அழுகைகூட வரவில்லை.

வாய்க்கரிசி நேரம் வந்தது. கிரியை செய்ய வந்த குருக்கள் அரிசித் தட்டை எடுத்து வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

“கூடப்பிறந்த ஆக்கள் ஆரும் இருக்கினமோ? முதல் அவை வரட்டும்.”

என் கால் தானாக ஓரடி முன்னே போயிற்று. அண்ணி தலைமாட்டுக் கதிரையில் இருந்து திரும்பினார். அத்தனை தலைகளுக்கு நடுவில் நேரே என்னைத்தான் பார்த்தார். அந்தக் கண்ணில் கோபம் இருந்திருந்தால் நான் போயிருப்பேன், சண்டை பிடித்தாவது போட்டிருப்பேன். கோபம் இல்லை. களைப்பு மட்டும் இருந்தது.

“ஒருத்தரும் இல்லை ஐயா,” என்றார்.

குருக்கள் பேரப்பிள்ளைகளைக் கூப்பிட்டார். பிள்ளைகள் வரிசையாகப் போய்ப் பிஞ்சுக் கையால் அரிசியைப் போட்டார்கள். நான் முன்னே வைத்த காலை எடுத்துப் பின்னே வைத்தேன்.

எனக்குப் பக்கத்தில் நின்ற வயதானவர் நல்ல மனிதர்போல் இருந்தார். கிரவீன் பக்கத்து ஆளாக இருக்கவேண்டும், அண்ணையோடு காலையில் நடந்தவராகவும் இருக்கலாம். என் கண்ணைப் பார்த்துவிட்டுக் கைலேஞ்சியை நீட்டினார். நீங்கள் அரியரத்தினத்துக்கு என்ன முறை என்று மெதுவாகக் கேட்டார்.

தம்பி என்று சொல்ல வாயெடுத்தேன். அண்ணி இல்லை என்று சொன்னது இன்னும் மண்டபத்துக்குள் இருந்தது.

“முறை ஒண்டுமில்லை,” என்றேன். “நாங்கள் ரெண்டுபேரும் நாளைக்கு முயல் வேட்டைக்குப் போறதாய் இருந்தனாங்கள்.”