தனிக்குடித்தனம் போன குழாய்கள்

அன்று காலை கொட்டகைக்குள் இருந்தவர்கள் மூன்று பேர். ஏழு வருஷமாக அந்த ஒற்றை ஆள் விமானத்தைக் கட்டிக்கொண்டிருந்த வெல்டர் அண்ணி. அதன் இன்ஜினுக்குப் பொறுப்பேற்றிருந்த அவள் கொழுந்தன். பைக் பந்தய மெக்கானிக், பட்டறையில் அவனுக்கு 'அரைமில்லி' என்று பேர். மூன்றாவது, விமானத்தைப் பறக்க விடலாமா என்று பார்க்க வந்த சோதனை அதிகாரி. நாற்காலி போட்டும் உட்காரவில்லை.

அவர் தாளில் ஒரே ஒரு எண்தான் பாக்கி. விமானத்தைக் கட்டிப்போட்டு முழு வேகத்தில் ஓட்டினால் ப்ரொப்பெல்லர் நிமிஷத்துக்கு 2400 சுற்று சுற்ற வேண்டும். சுற்றினால் கையெழுத்து. இல்லாவிட்டால் அவர் இந்தப் பக்கம் திரும்ப வருவது அடுத்த வருஷம்.

சுற்றியது 2260.

அது பழைய காரிலிருந்து கழற்றிய ரோட்டரி இன்ஜின். பிஸ்டன் கிடையாது, அறைக்குள் முக்கோணம் ஒன்று சுழலும். அப்படி இரண்டு அறைகள், ஆளுக்கொரு காற்றுக்குழாய், இரண்டு குழாயும் போய்ச் சேருவது ஒரே பெட்டியில். குழாயின் நீளம் சரியாக அமைந்தால் காற்று அலையாக வந்து தானே உள்ளே திணித்துக்கொள்ளும். பிசகினால் இன்ஜினுக்கு மூச்சு முட்டும்.

அரைமில்லி மூன்று மாதமாகக் குழாயை வெட்டிக்கொண்டேதான் இருந்தான். இப்போதும் இன்னொரு சென்டிமீட்டர் எடுத்தால் சரியாகிவிடும் என்று ரம்பத்தைத் தேடினான். இப்படியே போனால் குழாய்க்கு மொட்டைதான் மிச்சம் என்று சொல்லிவிட்டு, அண்ணி பெட்டியின் மூடியைக் கழற்றினாள்.

உள்ளே பெட்ரோல் படிந்த பழுப்புக் கறை. ஒரு குழாயின் வாயிலிருந்து நேர்கோடாக மற்றதன் வாய்வரை ஓடியிருந்தது. அவள் அதை விரலால் தடவினாள்.

"ஒவ்வொரு குழாயையும் தனித்தனியாவா கணக்குப் போட்ட?"

ஆமாம் என்றான். பந்தய பைக்குக்கு இருபது வருஷமாக அப்படித்தான். அந்த பைக்குகளுக்கு ஒரே சிலிண்டர்.

"இங்க ரெண்டு பேர் குடியிருக்காங்க தம்பி. ஒருத்தன் வாயை மூடினா, அந்த அதிர்ச்சி பெட்டி வழியா ஓடி அடுத்தவன் வாய்க்குள்ள காத்தத் தள்ளுது. இது கூட்டுக்குடும்பம். நீ தனிக்குடித்தனம் வச்சிட்ட."

அரைமில்லி ரம்பம் தேடுவதை விட்டான். பிறகு தரையிலேயே சாக்பீஸால் கணக்குப் போட்டான். ஒரு அறையின் வாயிலிருந்து பெட்டி வழியாக மற்ற அறையின் வாய்வரை மொத்தமாக அளந்தால் ஒவ்வொரு குழாயும் நாலு சென்டிமீட்டர் குட்டை. வெட்டி எறிந்ததெல்லாம் தேவையான குழாய்.

இரண்டு மணி நேரம் இருப்பேன், அதற்கு மேல் கடவுளே சொன்னாலும் கிளம்பிவிடுவேன் என்றார் அதிகாரி. அண்ணி அதற்குள் நாலு சென்டிமீட்டர் துண்டுகளைப் பற்றவைப்பதற்காகக் குழாய்களைக் கழற்றிக் கழுவத் தொடங்கியிருந்தாள். மெல்லிய அலுமினியம், சூடு கொஞ்சம் கூடினாலும் ஓட்டை விழும். ஒரு தடவை விழுந்தது. அந்தத் துண்டை அறுத்தெறிந்துவிட்டு முதலிலிருந்து பற்றவைத்தாள். பின்னால் நின்று பெருமூச்சு விட்ட கொழுந்தனிடம், அந்தக் காற்றை இன்ஜினுக்குக் கொடு, புண்ணியமாகப் போகும் என்றாள்.

ஒன்றே முக்கால் மணி நேரத்தில் மாட்டி முடுக்கினார்கள். சுற்று காட்டும் முள் 2300இல் தயங்கியது. அண்ணி வேகப்பிடியிலிருந்து கையை எடுக்கவில்லை. 2380. கொட்டகைத் தகரமெல்லாம் அதிர, 2430இல் போய் நின்றது.

அதிகாரி ஐந்து நிமிஷம் முள்ளையே பார்த்திருந்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். நாளைக் காலை பறக்கலாம்; அதுவரை இன்ஜினில் ஒரு திருகைத் தொட்டாலும் தாள் செல்லாது என்று சொல்லிவிட்டுப் போனார்.

அண்ணி கை கழுவிவிட்டு வந்தால், அரைமில்லி அளவுகோலோடு குழாய்ப் பக்கத்தில் குந்தியிருந்தான்.

"அண்ணி, இன்னும் அரை சென்டி கூட்டினா 2450 வரும்."

"வரும்."

"ஒரு மணி நேர வேலைதான். அவருக்கு எப்படித் தெரியப்போவுது?"

அவள் அவனுடைய சட்டையையும் சாப்பாட்டு டப்பாவையும் எடுத்து அவன் கையில் திணித்தாள். தோளைப் பிடித்து வாசல்வரை நடத்தினாள். வெளியே போயும் அவன் கணக்குச் சொல்லிக்கொண்டிருந்தான். அண்ணி தகரக் கதவைச் சாத்தி, காலைவரை அவன் உள்ளே வராதபடி உள்ளிருந்து பூட்டினாள்.