நாற்பத்து மூன்றாம் சேனலின் பிரதிஷ்டை

எல்லையோர ஊரான வெஸ்லாகோவின் நாற்பத்து மூன்றாம் சேனல் இருந்த கட்டடம் ஒரு காலத்தில் சோள ரொட்டி ஆலை. ஆலை மூடி முப்பத்தைந்து வருடம் ஆகியும் மழை பெய்தால் போதும், சுண்ணாம்பில் ஊறிய சோளத்தின் வாடை சுவரிலிருந்து கிளம்பிவிடும். பாடகர் குழு முகத்தைச் சுளிக்காமல் துதி பாடுவதற்குத் தனிப் பயிற்சியே எடுத்திருந்தது.

பாஸ்டர் அபுண்டியோ இந்த சேனலைத் தொடங்கியபோது ஊர் சிரித்தது. ஞாயிற்றுக்கிழமை சபைக்கு அறுபது தலை வராத ஆளுக்கு டெலிவிஷன் கேட்கிறதா என்றது. மனிதர் அசைந்து கொடுக்கவில்லை. சபைப் பெண்கள் சோளத் தோகையில் மடித்த தமாலை வருடக் கணக்கில் அவித்து விற்றார்கள், கோபுரம் எழுந்தது. பின்னால் ஒரு ஊதாத் திரை, இரண்டு ஜாடி பிளாஸ்டிக் பூ, ஒரே ஒரு கேமரா. "டிவி மேல ஒரு தம்ளர் தண்ணி வைங்க, நான் ஜெபிக்கிறேன், முடிஞ்சதும் குடிங்க" என்பார். டிவி தட்டையாகிப் போனதும், தண்ணீரை இப்போது எங்கே வைப்பது என்று கிழவிகள் போன் போட்டு அவர் பிராணனை வாங்கினார்கள்.

அவர் ஏற்படுத்திய வழக்கம் ஒன்று உண்டு. சேனலுக்கு எந்தப் பொருள் புதிதாக வந்தாலும், அது மைக்கோ, மைக்குக்கு வயரோ, ஏழு நாள் சபை உபவாசம் இருக்கும். எட்டாம் நாள் எண்ணெய் பூசிப் பிரதிஷ்டை செய்வார்கள். அதற்குப் பிறகுதான் சுவிட்சில் கை வைக்க வேண்டும். அதேபோல ஜெபம் இல்லாமல் எதுவும் தொடங்கக் கூடாது, ஜெபம் இல்லாமல் எதுவும் முடியவும் கூடாது. அவர் கண்ணை மூடி ஆறு வருடம் ஆகிவிட்டது. அவர் மனைவி ஒடிலியா அந்த வழக்கத்தில் ஒரு நூலிழை விலகவில்லை.

ஒடிலியாவுக்கு ஒரே மகன், எலியாப். அவன் எல்லை தாண்டிக் கள்ளச் சரக்கு ஏற்றிய வண்டியோடு பிடிபட்டுப் பதினான்கு வருடத் தண்டனையில் வடக்கே சிறையில் இருந்தான். அவன் பிடிபட்ட வாரம் இந்த அம்மாள் செய்த காரியம்தான் எல்லாவற்றையும் கெடுத்தது. கேமரா முன்னால் நின்று, மகன் பெயரைச் சொல்லி, செய்த குற்றத்தையும் சொல்லி, அழுது, சாட்சி கொடுத்துவிட்டாள். சபை அல்லேலூயா என்றது. அன்றோடு மகன் அவளைப் பார்க்க மறுத்துவிட்டான். கடிதங்கள் பிரிக்காமல் திரும்பி வந்தன. சனிக்கிழமை சனிக்கிழமை போய்ப் பார்வையாளர் கூடத்தில் உட்கார்ந்து, மாட்டேன் என்று அவன் கையெழுத்துப் போட்ட சீட்டை வாங்கிக்கொண்டு திரும்பினாள்.

பிறகு ஒரு நாள், இன்னொரு கைதியின் தாய் சேதி சொன்னாள். சிறையின் பொதுக் கூடத்து டிவியில் ஆன்டெனாவில் வருகிற சேனல்கள் மட்டும்தானாம். பதினோரு மணி ஆனால் எலியாப் நாற்காலியை இழுத்துப் போட்டு முன்னால் உட்கார்ந்துவிடுகிறானாம். பந்து விளையாட்டு பார்க்கவேண்டும் என்று சண்டைக்கு வந்தவனைக்கூட முறைத்தே அனுப்பிவிட்டானாம்.

பதினோரு மணி ஒடிலியாவின் நிகழ்ச்சி. அன்றிலிருந்து நிகழ்ச்சி முடியும்போது அவள் பெயர் எதுவும் சொல்லாமல் கேமராவைப் பார்த்து, "சாப்பிட்டியா ராசா? அம்மா இங்கதான் இருக்கேன்" என்பாள். சேனல் எட்டுகிற பள்ளத்தாக்கு முழுக்க இருந்த தனிக்கட்டைகள் எல்லாம் அது தங்களுக்குத்தான் என்று நினைத்துக்கொண்டார்கள். நினைத்துவிட்டுப் போகட்டும், அவளுக்கு என்ன? அந்த ஒரு வரிக்காகத்தான் அவள் காலையில் எழுந்தாள். மகனுக்கும் அவளுக்கும் நடுவில் மிஞ்சியிருந்தது அவ்வளவுதான்.

போன வருடம் ஜூலை இருபத்து நான்காம் தேதி, வியாழக்கிழமை, புயல் வந்து கோபுரத்தைப் பிடுங்கிப் பக்கத்துக் கார் கழுவும் கடைமேல் போட்டது. டிரான்ஸ்மிட்டரில் தண்ணீர் புகுந்தது. ஞாயிற்றுக்கிழமை இருபத்தேழாம் தேதி சபை கூடி, ஊதாத் திரையை மூடி, அழுது ஜெபித்து, சேனலை மௌனத்தில் வைத்தது. ஒரு வருடம் முழுதாக ஒளிபரப்பு இல்லாமல் போனால் உரிமம் தானாகவே செத்துவிடும் என்று வக்கீல் எழுதியிருந்தார். ஒடிலியா காலண்டரை எடுத்து அடுத்த வருடத்து இருபத்தேழைச் சிவப்பு மையில் வட்டமிட்டாள்.

அந்த வருடம் அவள் பட்ட பாடு நாய் படாது. மறுபடி தமால் அவித்தார்கள். மான்டெரேயில் ஒரு சபை பழைய டிரான்ஸ்மிட்டரைக் கொடுத்தது. அது எல்லையில் காகிதம் சரியில்லை என்று மாதக் கணக்கில் கிடந்தது. ஜூலை பத்தொன்பதாம் தேதிதான் வந்து இறங்கியது. வந்த அன்றே உபவாசம் தொடங்கினார்கள். எட்டாம் நாள் இருபத்தாறு, ஞாயிற்றுக்கிழமை. ஒரு நாள் மிச்சம் வைத்தே கர்த்தர் கணக்குப் போட்டிருக்கிறார் என்று அவள் பூரித்துப் போனாள்.

வியாழக்கிழமை மத்தியானம் பெனிக்னோ எல்லா வயரையும் பூட்டி முடித்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். பாஸ்டர் காலத்திலிருந்து சேனலின் ஒரே மெக்கானிக் அவர்தான். கோபுரத்தில் ஏறி ஏறி முழங்கால் போன மனிதர்.

"சிஸ்டர், எல்லாம் ரெடி. ஒரு நிமிஷம் போட்டு அணைச்சுடட்டுமா?"

"உபவாசம் முடியல பிரதர்."

"தெரியும். ஆனா புயல் அடிச்சது இருபத்து நாலு. நாளைக்கு இருபத்து நாலு. எனக்குச் சரியாப் படல."

"நாம எப்ப ஜெபம் பண்ணி மூடினோம்?"

"இருபத்தேழு."

"அப்ப சேனல் மூடினது இருபத்தேழு. புயலா நமக்கு சேனலை மூடும்?"

"வாஷிங்டன்ல உரிமம் குடுக்கறவனுக்கு ஜெபம் தெரியுமா சிஸ்டர்? அவனுக்குப் படம் நின்ன தேதிதான் தெரியும். நான்தான் ஃபாரத்துல எழுதினேன், இருபத்து நாலுன்னு. சும்மா ஒரு நிமிஷம். ஒரு ஈ காக்காய்க்குத் தெரியாது."

"அவர் இருந்திருந்தா உங்களை இப்படிப் பேச விடுவாரா? முப்பத்தஞ்சு வருஷத்துல ஒரு பல்புகூடப் பிரதிஷ்டை இல்லாம எரிஞ்சதில்ல. ஒரு நிமிஷ அவசரத்துக்கு நான் அதை உடைக்கணுமா?"

"வக்கீலையாவது ஒரு வார்த்தை கேளுங்களேன்."

"கர்த்தர்கிட்ட கேட்டாச்சு" என்றாள்.

பெனிக்னோ கைத்துணியை மடித்துப் பையில் வைத்தார். பசி மயக்கத்தில் அவருக்கும் வாதாடத் தெம்பில்லை. ஐயோ, அந்த ஒரு நிமிடம்! ஒரு விரல் அசைந்திருந்தால் போதும். வெள்ளிக்கிழமை விடிந்தது, சாய்ந்தது. சபை பட்டினியோடு பாடிக்கொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை ரொட்டி ஆலை கொள்ளவில்லை. மான்டெரேயிலிருந்தும் ரெய்னோசாவிலிருந்தும் போதகர்கள் கோட்டு போட்டுக்கொண்டு வந்திருந்தார்கள். டிரான்ஸ்மிட்டரின் நெற்றியில், அதாவது மேல் மூடியில், எண்ணெய் பூசினார்கள். சரியாகப் பதினோரு மணிக்குப் பெனிக்னோ சுவிட்சைப் போட்டார். படம் வந்தது. ஒடிலியா தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள்.

இரண்டு மணி நேரம் ஒளிபரப்பினார்கள். அவள் எல்லாருக்கும் நன்றி சொன்னாள். வெல்டிங் கம்பி கொடுத்தவனுக்கும், கார் கழுவும் கடைக்காரனுக்கும்கூடச் சொன்னாள். கடைசியில் கேமராவைப் பார்த்தபோது அந்த வரி நாக்கு நுனிவரை வந்தது. பக்கத்தில் மான்டெரே போதகர் நின்றுகொண்டிருந்தார். "யாருக்கு சிஸ்டர் சொல்றீங்க? சாட்சியா சொல்லுங்களேன்" என்று மைக்கை நீட்டிவிடுவார், அவர் அப்படிப்பட்டவர். இன்னொரு தடவை மகனைச் சாட்சியாக்க மாட்டேன் என்று அவள் தனக்குள் சத்தியம் செய்திருந்தாள். நாளைக்குப் பதினோரு மணி இருக்கிறது, அது நம் இரண்டு பேருக்குமானது, அப்போது ஆற அமரச் சொல்லலாம் என்று வரியை விழுங்கிக்கொண்டாள். போதகர் ஆசீர்வாதம் சொல்லி முடித்தார்.

திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு வக்கீல் போன் செய்தார். சுற்றி வளைக்கிற ஆள் இல்லை அவர்.

"அம்மா, நேத்து நீங்க ஒளிபரப்பினதா கேள்விப்பட்டேன். உடனே நிறுத்துங்க. உங்க உரிமம் வெள்ளிக்கிழமையோட முடிஞ்சு போச்சு."

"இன்னிக்குத்தானே சார் வருஷம்? ஒரு நாள் முன்னாடியே..."

"படம் நின்ன தேதியிலிருந்துதான் கணக்கு. வெள்ளிக்கிழமைக்குள்ள ஒரு தடவை போட்டிருந்தா போதும். ஒரு நிமிஷம் போட்டிருந்தாகூட நான் வாதாடியிருப்பேன்."

"மனு போடலாமா?"

"போடலாம். போட்டு ஜெயிச்சவங்களை நான் பார்த்ததில்ல."

போனை வைத்துவிட்டு அவள் பெனிக்னோவிடம் சேதியைச் சொன்னாள். பெனிக்னோ சொல்லிக் காட்டவில்லை. சொல்லிக் காட்டியிருந்தால்கூட அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். முப்பத்தைந்து வருடத்து சேனலைப் புயலும் கொல்லவில்லை, கடனும் கொல்லவில்லை. கழுத்தைப் பிடித்து நெரித்தது தன் கைதான் என்று அவளுக்குத் தெரிந்தது.

பதினோரு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது அவள் எழுந்து ஊதாத் திரைக்கு முன்னால் போய் உட்கார்ந்தாள்.

"போடுங்க பிரதர்."

"சிஸ்டர், இப்ப இது குத்தம்."

"போடுங்க."

அவர் போட்டார். அவள் பாடவில்லை, வசனம் வாசிக்கவில்லை. "எலியாப், அம்மா பேசறேன். சாப்பிட்டியா ராசா? இனிமே இந்த சேனல் வராது. தப்பு என்னோடது. அன்னிக்கு உன்னைப் பத்திப் பேசினதும் என் தப்புதான். சனிக்கிழமை வரேன். ஒரே ஒரு தடவை வந்து உட்காரு, எதுவும் கேக்க மாட்டேன்." நான்கு நிமிடம்கூட ஆகவில்லை. அவளே எழுந்து வந்து சுவிட்சை அணைத்தாள்.

சனிக்கிழமை பெனிக்னோதான் வண்டி ஓட்டினார். அவர் வெளியே வண்டியிலேயே இருந்துகொண்டார். ஒடிலியா பார்வையாளர் கூடத்தில் பெயர் எழுதிவிட்டு உட்கார்ந்தாள். புதுச் சட்டை போட்டிருந்தாள். அரைமணி கழித்துக் காவலர் த்ரெவீன்யோ சீட்டோடு வந்தார். சின்ன வயதில் அவர்கள் சபையில் ஞாயிறு பள்ளிக்கு வந்த பிள்ளை.

"வர மாட்டேன்னுட்டான் அத்தை."

"திங்கக்கிழமை டிவி பார்த்தானா? அதை மட்டும் சொல்லு."

த்ரெவீன்யோ தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். "ஞாயித்துக்கிழமை பார்த்தான். சேனல் வருதுன்னு யாரோ கத்தினதும் ஓடி வந்து உட்கார்ந்தான். எல்லாரும் சாப்பாட்டுக்குப் போயிட்டாங்க. அவன் அசையல, ரெண்டு மணி நேரமும் இருந்தான். கடைசியில அந்தக் கோட்டுக்காரர் ஆசீர்வாதம் சொன்னாரே, அப்பவும் இருந்தான். படம் முடிஞ்சதும் என்கிட்ட வந்து, 'எல்லாருக்கும் சொன்னாங்க, பார்த்தீங்களா சார்?'னான்."

"திங்கக்கிழமை?"

"லாண்டரியில காலை வேலைக்கு ஆள் கேட்டிருந்தாங்க. ஞாயித்துக்கிழமையே பேர் குடுத்துட்டான். பதினோரு மணிக்கு அவன் அங்க நின்னுட்டிருந்தான் அத்தை. நீங்க பேசினதை நாங்க நாலு பேருதான் பார்த்தோம்."

"நீ சொன்னியா அவன்கிட்ட?"

"சொன்னேன். பொய் சொல்லாதீங்க சார்னான்."

ஒடிலியா சீட்டை வாங்கி மடித்துக் கைப்பையில் வைத்தாள். வெளியே வெயில் கொளுத்தியது. பெனிக்னோ முழங்காலைப் பிடித்துக்கொண்டு வண்டியிலிருந்து இறங்கி நின்றார்.

"என்ன சிஸ்டர்? பார்த்தானாமா?"

"ஞாயித்துக்கிழமை பார்த்தானாம்."

"ஸ்தோத்திரம்!" என்று இரண்டு கையையும் தூக்கினார் அவர். "பாருங்க, நாம பட்ட பாடு வீண் போகல! ஞாயித்துக்கிழமைக்காகத்தான் கர்த்தர் நம்மளை அவ்வளவு ஓட விட்டிருக்கார்!"

"வண்டியை எடுங்க பிரதர்" என்றாள் ஒடிலியா.