மூன்றாவது அளவு

நர்ஸ் பழக்கதோஷத்தில் வாளியைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்துவிட்டுப் போனாள். பட்டியலில் பெயர் இருந்தது, கொண்டுவந்தாள். அது யாருடைய நஞ்சுக்கொடி என்று அவள் யோசிக்கவில்லை. ஐஸ்காரிக்குத் தெரியும். அவள் தங்கையுடையது.

ஆஸ்பத்திரியில் எல்லோரும் அவளை ஐஸ்காரி என்றுதான் கூப்பிடுவார்கள். பிரசவம் முடிந்த பத்து நிமிடத்துக்குள் நஞ்சுக்கொடியை வெட்டி ஐஸில் போடாவிட்டால் அதிலிருக்கும் என்சைம் கெட்டுவிடும். ரத்தக்குழாயை இறுக்குகிற பொருளைத் துண்டு துண்டாக்கும் என்சைம். நல்லபடியாக இருக்கும் கர்ப்பத்தில் அது எவ்வளவு, பிரஷர் ஏறிய கர்ப்பத்தில் எவ்வளவு என்று அளப்பதுதான் அவளுடைய ஆய்வகத்தின் வேலை.

காலையில் தங்கைக்கு வலிப்பு வந்தது. ஆபரேஷன் செய்து பெண் குழந்தையை எடுத்துவிட்டார்கள். குழந்தை அழுதது, தாய் கண் திறக்கவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் இன்னும் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள்.

கை தன் பாட்டுக்குக் கழுவியது, வெட்டியது. ஓரிடத்தில் கத்தி இறங்கவில்லை. வெள்ளையாக, கெட்டியாக ஒரு திட்டு. பக்கத்தில் இன்னொன்று. பிரஷர் ஏறாத கர்ப்பங்களின் கணக்கில் இதுவரை சேர்த்த இருபத்தொன்பதில் ஒன்றில்கூட இத்தனை திட்டுகளைப் பார்த்ததில்லை. பிரஷர்காரிகளுடையதில்தான் பார்த்திருக்கிறாள்.

முப்பதாவதாகத் தங்கையைச் சேர்த்தவள் அவளேதான். "உன் ஐஸ் பெட்டிக்கு என் வயிறுதான் கிடைச்சுதா" என்று தங்கை கிண்டல் பண்ணினாலும், வாராவாரம் சோபாவில் சாய்ந்து பிரஷர் பார்க்கக் கையை நீட்டிவிடுவாள். போன வாரம் தலைவலி என்றாள். அளவு நூற்று நாற்பத்தெட்டுக்குத் தொண்ணூற்றாறு. முதல் அளவு கூடினால் படபடப்பு என்று தள்ளிவிட்டு, மறுபடி எடுத்ததைத்தான் எழுதுவது ஆய்வக வழக்கம். மறுபடியும் கூடத்தான் செய்தது. ஒருக்களித்துப் படுத்தால் அளவு இறங்கிக் காட்டும். தங்கையை அப்படிப் படுக்கவைத்து அரைமணி கழித்து மூன்றாம் முறை எடுத்தாள். நூற்று இருபத்தாறுக்கு எண்பது. அதை எழுதிக்கொண்டாள். டாக்டரிடம் காட்டணுமா என்று தங்கை கேட்டதற்கு, நன்றாகத் தூங்கி எழு, சரியாகிவிடும் என்றாள். இவளை விட்டால் முப்பதாவதுக்கு யாரைத் தேடி அலைவது என்ற நினைப்பு அப்போது இருந்தது. இருந்ததை இல்லையென்று எப்படிச் சொல்ல?

சுவருக்கு அந்தப் பக்கம் பேச்சுச் சத்தம் நின்றுவிட்டது.

அவள் வெளியே வந்தபோது டாக்டர் தங்கையின் கணவனிடம் விஷயத்தைச் சொல்லி முடித்திருந்தார். அவன் அழவில்லை, சுவரையே பார்த்துக்கொண்டிருந்தான். இறப்புப் படிவத்தில் எழுத வேண்டும், இதற்கு முன் பிரஷர் எவ்வளவு இருந்தது என்று டாக்டர் மெதுவாகக் கேட்டார்.

"அண்ணிகிட்ட கேளுங்க டாக்டர். வாராவாரம் அவங்கதான் பாத்தாங்க. அந்தத் தைரியத்துலதான் நாங்க இருந்தோம்" என்று அவன் அவளைக் காட்டினான்.

மூன்றாவதைச் சொன்னால் போதும். எழுதியிருப்பதும் அதுதான், யாரும் துருவிக் கேட்கப்போவதில்லை. இவ்வளவு பயத்தை அவள் வாழ்நாளில் அனுபவித்ததில்லை.

"மூணு தடவை எடுத்தேன்" என்றாள். "முதல் தடவை நூத்தி நாப்பத்தெட்டு, தொண்ணூத்தாறு."

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். பிறகு குனிந்து எழுதத் தொடங்கினார்.

"அது ஜாஸ்தியா அண்ணி?" என்று தங்கையின் கணவன் கேட்டான்.

காலையில் வாசலில் கழன்று விழுந்த தங்கையின் செருப்புகள் அவன் கையில் இருந்தன. இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு பதிலுக்குக் காத்து நின்றான்.