ஆளுக்கொரு பூட்டு

வெளியே விடிந்துகொண்டிருந்தது. அது எங்களுக்குத் தெரிய வழியில்லை. கடைகளும் அலுவலகங்களுமாக அடுக்கிய அந்தக் கட்டடத்தின் படிக்கட்டுக்கு ஒரு ஜன்னல்கூடக் கிடையாது. மூன்றாம் மாடியில் ஏணி உச்சியில் நின்று, கழுத்தை ஒடித்துக்கொண்டு கூரையைத் துளைத்தேன். சிமெண்டுத் தூள் கண்ணிலும் வாயிலும் கொட்டியது. துப்பினால் சாம்பலாக வந்தது.

கரண்ட் போனால் ஆட்கள் இறங்கித் தப்பிக்கப் பேட்டரியில் எரிகிற விளக்குகள் இவை. மாட்டுவதும் சோதிப்பதும் எங்கள் வேலை. ஒழுங்கான சோதனை என்றால் மெயினை நிறுத்திவிட்டு, பேட்டரி தாங்கவேண்டிய நேரம் முழுக்கத் தாங்குகிறதா என்று காத்திருக்க வேண்டும். காத்திருக்கிறவனுக்கும் கூலி தரவேண்டுமே! அதனால் காண்டிராக்டர் வேறு சோதனை கண்டுபிடித்தார். "பட்டனை அமுக்கு. எரிஞ்சுதா? அடுத்ததுக்குப் போ." சாகப்போகிற பேட்டரிகூட ஒரு நொடி கண்ணைத் திறந்து பார்க்கும்.

போன வாரம் பட்டப்பகலில் கரண்ட் போனது. மூன்றாம் மாடி விளக்குகள் கொஞ்ச நேரம் எரிந்து அணைந்தன. கூட்டிப் பெருக்குகிற அக்கா வாளியோடு நடுப்படியில் நின்றிருக்கிறாள். உருண்டாள். இடுப்பெலும்பு போயிற்று. மற்ற மாடி விளக்குகள் சாவதற்குள் கரண்ட் வந்துவிட்டது. அது காண்டிராக்டரின் அதிர்ஷ்டம்.

அந்த மாடியில் மாட்டியவன் எங்களோடு வேலை செய்யும் நெட்டையன். பழி அவன் தலையில் விழுந்தது. விசாரிக்க அதிகாரிகள் வரும் முன்னே அந்த ஒரு மாடியில் மட்டும் சார்ஜ் ஏற்றிய புது விளக்குகளை மாட்டச் சொல்லி காண்டிராக்டர் எங்களை இருட்டோடு வரவழைத்திருந்தார்.

காண்டிராக்டர் சட்டை மடிப்புக் கலையாமல் வந்து நின்றார். "நெட்டை, இப்ப வந்துடுவாங்க. ஒயரை மாத்திக் கொடுத்துட்டேன்னு நீயே சொல்லிடு."

"நான் மாத்திக் கொடுக்கலையே முதலாளி. சொன்னா எவன் என்னை இனிமே ஒயரைத் தொட விடுவான்?"

"பின்னே, பேட்டரி தானா செத்துச்சா?"

"பழசு சாகத்தான் செய்யும்," என்றேன் ஏணியிலிருந்து.

"யோவ் பெருசு, நீ பாத்தியா?"

"பாத்தேன். அட்டைப்பெட்டி புதுசு. உள்ள முனையெல்லாம் பச்சை பூத்துக் கிடந்துச்சு. கல்யாணப் பொண்ணுக்கு நரைமுடி."

ஒயர் வெட்டும் குறடு ஒன்றை எப்போதும் கையோடு தூக்கிக்கொண்டு திரிவதால் குறடு என்று பேர் வாங்கிய எங்கள் கூட்டாளி, பக்கென்று சிரித்துவிட்டான். காண்டிராக்டர் சிரிக்கவில்லை. "அவன் சொல்லலைன்னா நாளையிலேருந்து எவனுக்கும் வேலை இல்லை." அதிகாரிகளை வரவேற்க வாசலுக்குப் போனார்.

கடைசி விளக்கையும் மாட்டிவிட்டு நான் இறங்கி, படிக்கட்டின் அடியிலிருந்த மெயின் பெட்டிக்கு முன்னால் நின்றேன். எங்களுக்குள் ஒரு பழக்கம் உண்டு. மெயினை நிறுத்துகிறவன், பிடியில் கோர்த்த தகட்டுத் துளையில் தன் பூட்டைப் போடுவான். அந்த லைனில் வேலை செய்கிற ஒவ்வொருவனும் தன் பூட்டையும் போடுவான். எல்லாப் பூட்டும் கழன்றால்தான் பிடி மேலே போகும். அடுத்தவன் பூட்டை எவனும் தொடமாட்டான், உயிர் அல்லவா? காண்டிராக்டர் பூட்டு வாங்கித் தந்ததில்லை. அவரவர் வீட்டுப் பூட்டுதான்.

அதிகாரிகள் வரும்போது ஒழுங்கான சோதனையே நடக்கட்டும் என்று படிக்கட்டு லைனை நிறுத்தி என் பூட்டைப் போட்டேன்.

"உங்களுக்கு ஏண்ணே இந்த வம்பு?" என்றான் நெட்டையன்.

"உனக்காக இல்லடா. நாளைக்கு என் தலையிலயும் கட்டுவான்."

மற்றவர்கள் நழுவிவிடுவார்கள் என்றுதான் நினைத்தேன். மனிதர்களை நம்புகிற பழக்கம் எனக்கு இல்லை. பின்னால் 'டக்' என்றது. குறடு தன் பூட்டைப் போட்டிருந்தான்.

"வீட்டுல திருட என்னண்ணே இருக்கு? பூட்டாவது உருப்படியா ஒரு வேலை பாக்கட்டும்."

அடுத்து நெட்டையன் போட்டான். காலை வேலைக்கு வந்திருந்த பெருக்குகிற பெண்கள் மாடிக் கதவுகளில் நின்று, படியில் யாரும் இறங்காமல் தடுத்தார்கள். நாங்கள் கீழ்ப்படியில் உட்கார்ந்து அண்ணாந்து பார்த்தோம். நான் மாட்டிய ஐந்தாம் மாடி மஞ்சளித்தது, சிவந்தது, செத்தது. குறடு மாட்டிய நான்காம் மாடியும் அதே கதி. எல்லாம் அணைந்த பிறகு, காலையில் மாட்டிய மூன்றாம் மாடி மட்டும் பளிச்சென்று நின்றது. அதன் வெளிச்சம் நூலாக இறங்கிப் பூட்டுகள்மேல் விழுந்தது.

காண்டிராக்டர் ஓடிவந்தார். "எவன்டா நிறுத்தினது?"

"டெஸ்ட் நடக்குது."

"உன் பூட்டை எடுய்யா!"

"என்னுதை மட்டும் எடுத்தாப் போதாதே."

குரலைக் குழைத்துக் குறடு பக்கம் திரும்பினார். "உன்னை மேஸ்திரி ஆக்குறேன்டா. எடு."

"சாவி எங்கயோ விழுந்துடுச்சு முதலாளி. பேட்டரி நல்லதா இருந்தா தேடியிருக்கலாம்."

மேலே பெண்கள் சிரித்தார்கள். விழுந்தவளோடு கூட வேலை பார்த்தவள் சுவரைத் தடவி இறங்கி வந்து, தகட்டில் மிச்சமிருந்த துளையில் ஒரு துருப்பிடித்த பூட்டை அமுக்கினாள்.

"இது யாருது?" என்றார்.

"அவளுது. வாளி எடுக்க அன்னிக்கு அலமாரியைத் திறந்தா. பூட்ட வரலை. திறந்தபடியே தொங்கிச்சு."

"சாவி?"

"அவகிட்டதான். ஆஸ்பத்திரியில. இதுவரைக்கும் எட்டிப்பாக்கலையே, போய்க் கேட்டு வாங்கிட்டு வாங்க."

அவர் வாசலைத் திரும்பிப் பார்த்தார். பூட்டை அறுக்க ஆள் கொண்டுவருவார். நாளைக்கு எங்களைத் துரத்தவும் செய்வார். அந்த அதிகாரிகளையும் நான் நம்பவில்லை. வாசலில் அவர்களுடைய பூட்ஸ் சத்தம் கேட்டது.

நெட்டையன் நகர்ந்து இடம் விட்டான். அவள் உட்கார்ந்தாள். மாடிக் கதவுக்கு ஒருத்தியை நிறுத்திவிட்டு, மற்ற பெண்களும் ஒவ்வொருவராக இறங்கிவந்து உட்கார்ந்தார்கள். நானும் கொஞ்சம் நகர்ந்துகொண்டேன்.