ஏழு கூடாரங்களைக் கடக்கும் வழி

பெரியப்பா தன் தேநீர்க் கிண்ணத்தை வரைபடத்தின் மேல் வைத்தார். சரியாக ஏரி இருந்த இடத்தில்.

"கோடெல்லாம் அழகாத்தான் இழுத்திருக்க மருமகளே," என்றார். "ஆனா இந்த வழியில போனா உன் போலந்துக்காரங்க குல்ஜாவோட வாலக்கூடப் பாக்க மாட்டாங்க."

சல்கின் அண்ணி கிண்ணத்தை எடுத்து ஓரமாக வைத்தாள். எங்கள் ஊரில் மருமகள்கள் மாமனார் வழிப் பெரியவர்களின் பெயரைச் சொல்வதில்லை. பெயரைச் சொல்லாமலேயே ஒருவரோடு எவ்வளவு சண்டை போடலாம் என்பதை அண்ணியிடம்தான் பார்க்க வேண்டும்.

"பெரியவரே, வாலு தெரிஞ்சாப் போதுமா, கொம்பும் தெரியணுமா? அத முதல்ல சொல்லிடுங்க."

"கொம்புதான். முழுக் கொம்போட ஒரு படம். அத அவங்க எடுத்துட்டாங்கன்னா குதிரைங்க உன்கிட்டயே இருக்கட்டும். இல்லேன்னா ஆடி ஓடி அலையாம விட்டுடு. பனிக்கு முன்னாடி எல்லாத்தையும் வேட்டை முகாமுக்குக் குடுத்துடுவேன்."

முகாம் மலைக்கு அந்தப் பக்கம் இருந்தது. தூரதேசத்திலிருந்து துப்பாக்கியோடு வருகிறவர்களுக்கு குல்ஜா என்கிற காட்டு மலையாட்டின் வளைந்த கொம்புகள் வேண்டும். அவர்களை மேலே ஏற்றக் குதிரைகள் வேண்டும். பெரியப்பாவுக்கு அந்த வேலை பிடிக்காது. ஆனால் சும்மா நின்று தின்னும் குதிரை அதைவிடப் பிடிக்காது. அண்ணன் மாஸ்கோவில் கட்டட வேலையில் இருந்தான். அண்ணி இரண்டு வருடமாக ஒரே விஷயத்தைச் சொல்லிக்கொண்டிருந்தாள்: "ஒரு ஆட்ட ஒருத்தன் ஒரு தடவதான் சுட முடியும். உயிரோட இருக்கற ஆட்ட வருஷா வருஷம் வந்து படம் எடுப்பான்." அதை நம்பி வருகிற முதல் கூட்டம் இந்தப் போலந்துக்காரர்கள். நான்கு பேர். தலைவி ஆகாத்தா.

அண்ணியின் திட்டம் வெளிச்சத்தைப் பின்தொடர்ந்து போகும் திட்டம். மாலை வெயிலுக்குச் சிவப்புப் பள்ளத்தாக்கு. அன்று இரவு கீழ்ப் புல்வெளியில். மறுநாள் மேய்ச்சல் வெளி வழியாக மேலேறி, சூரியன் சாய்வதற்குள் ஏரி. அதற்கடுத்த விடியலில், ஏரிக்கு மேலே கணவாயின் அடியில் இருக்கும் உப்புத் தரை. குல்ஜாக்கள் அங்கே வெயில் படுவதற்கு முன் வந்து உப்பை நக்கிவிட்டுப் போய்விடும்.

"நாமளே ஒரு தடவ போய்ப் பாத்துடலாம்," என்றாள் அண்ணி. நாங்கள் இருவரும் கிளம்பினோம். சுமைக் குதிரையில் கேமராப் பெட்டிகளின் எடைக்குக் கல் நிரப்பிய பெட்டி.

மேய்ச்சல் வெளியின் முதல் கூடாரத்திலிருந்து மிர்சாகானின் மனைவி ஓடி வந்து அண்ணியின் கடிவாளத்தைப் பிடித்தாள்.

"ரொட்டியத் தொடாமப் போயிடுவியாடி? கண்ணு தெரியலயா?"

இறங்கினோம். ரொட்டி, பாலாடை, புளித்த குதிரைப்பாலான குமிஸ். வாசலில் நீட்டும் ரொட்டியைத் தொடாமல் கடப்பது அந்த வீட்டை அவமதிப்பது. இரண்டாவது கூடாரத்திலும் இறங்கினோம். மூன்றாவதில் ஆட்டுக் கொழுப்பைப் பொரித்திருந்தார்கள். நான்காவதில் மகனுக்குப் பெண் பார்த்த கதையை முதலிலிருந்து சொன்னார்கள். ஐந்தாவதில் சூரியன் விழுந்துவிட்டது. ஏரியின் நிறத்தைக்கூடப் பார்க்காமல் மறுநாள் திரும்பினோம். அண்ணி குதிரையின் கழுத்தில் சாய்ந்துகொண்டு வயிற்றைப் பிடித்தபடி வந்தாள்.

"மலை ஏறுறதுக்குப் போனா வயிறுதான் ஏறுச்சு."

அவள் எல்லாவற்றையும் கணக்கில் வைத்திருந்தாள். காற்று திரும்பும் நேரம், பனி உருகி ஆறு பெருகும் நேரம், குதிரைகள் இளைப்பாறும் இடம். ரொட்டியை மட்டும் மறந்திருந்தாள். எங்களில் யாராக இருந்தாலும் மறந்திருப்போம். மூச்சு விடுவதற்கு யாராவது நேரம் ஒதுக்குவார்களா?

பெரியப்பா சிரித்த சிரிப்பில் தொப்பி கீழே விழுந்தது. "பழகினவங்க உங்களுக்கே இந்தக் கதி. அந்நியங்கன்னா ஆளுக்கு ஒரு ஆடு வெட்டுவாங்க. உன் போலந்துக்காரங்க கேமராவத் தூக்க முடியாம உருண்டுதான் வருவாங்க!"

பிறகு கொஞ்சம் இரக்கத்தோடு, "விடியறதுக்கு முன்னாடி சத்தமில்லாமக் கடந்துடேன்," என்றார்.

"திருடி மாதிரியா? அப்புறம் அந்த வெளியில எனக்கு எவ தண்ணி குடுப்பா?"

வேறு வழியில் போனால் ஆற்றைக் கடக்க வேண்டும். ஜூலையில் அந்த ஆறு யாரையும் விடாது. அண்ணி வரைபடத்தைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

நான் கிண்ணங்களைக் கழுவிக்கொண்டிருந்தேன். "எல்லா ரொட்டியும் ஒரே எடத்துக்கு வந்துட்டா?" என்றேன்.

"என்னடி முனகுற? சத்தமாச் சொல்லு."

"மொத நாள் ராத்திரி அவங்க கீழ்ப் புல்வெளியிலதான தங்குறாங்க? ஏழு வீட்டுக்காரங்களும் அவங்கவங்க ரொட்டியோட அங்க வரட்டும். ஒரே விரிப்பு. விருந்தாளிங்க எல்லாத்தையும் பிச்சுத் தின்னுட்டா, எல்லார் ரொட்டியையும் தொட்ட மாதிரிதான? மறுநாள் யாரும் நிறுத்த மாட்டாங்க."

பெரியப்பா தாடியைத் தடவினார். "வருவாங்களா?"

"இவ போய்க் கேட்டா வருவாங்க," என்றாள் அண்ணி.

"நானா?"

"நான் நரின் டவுனுக்குப் போய் விருந்தாளிங்களக் கூட்டிட்டு வரணும். யோசனை உன்னோடது, வாயும் உன்னோடதா இருக்கட்டும்."

கரும்பலகைக்கு முன்னால் எழுந்து நின்று பேச முடியாமல் எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவள் நான். ஏழு கூடாரங்களின் வாசலில் நின்று பேச வேண்டுமாம்.

ஆறு வீட்டில் எளிதாகவே முடிந்தது. கூடிக் குடிக்க ஒரு சாக்குக் கிடைத்தால் எங்கள் ஆட்கள் ஏன் வேண்டாம் என்பார்கள்? நான் பாதி சொல்வதற்குள் மீதியை அவர்களே சொல்லிவிட்டார்கள்.

ஏழாவது சூராகான் அத்தையின் கூடாரம். உப்புத் தரைக்குக் கீழே, கடைசியாக இருப்பது. அவள் குதிரைப்பால் கறந்துகொண்டிருந்தாள். நான் சொல்லி முடித்ததும் நிமிராமலே கேட்டாள்:

"நான் ரொட்டிய மூட்டை கட்டிட்டு விருந்தாளி பின்னாடி ஓடணுமா? விருந்தாளி என் வாசலுக்கு வரணும். போடி."

அவளிடம் கேட்க இன்னும் இரண்டு இருந்தன. அந்த விடியலில் அடுப்பு மூட்டக் கூடாது, புகை நேராக உப்புத் தரைக்குத்தான் போகும். நாயைக் கட்டிப்போட வேண்டும். திரும்பிப் போய்விடலாம் என்று குதிரையில் கை வைத்தேன். வரைபடத்தை மடியில் வைத்துக்கொண்டு அண்ணி உட்கார்ந்திருந்தது கண்ணில் வந்தது.

"அத்தை, நீங்க கீழ வர வேணாம்," என்றேன். "அவங்களே உங்க வாசலுக்கு வருவாங்க. கடைசியா, படம் எடுத்த பிறகு. அன்னிக்குப் பூரா உங்க விருந்தாளிங்க. ஆட்ட வெட்டுங்க, படுக்க வைங்க, மறுநாள் வரைக்கும் விடாதீங்க. ஆனா குல்ஜாங்க உப்பத் தின்னுட்டுப் போற வரைக்கும் அடுப்ப மூட்டாதீங்க, நாய அவுக்காதீங்க. அதுங்க வராமப் போச்சுன்னா எங்க குதிரை வேட்டைக்காரங்க கைக்குப் போயிடும். அப்புறம் உங்க வாசலுக்கு விருந்தாளி வர மாட்டாங்க. தோட்டாச் சத்தம்தான் வரும்."

பால் பீய்ச்சும் சத்தம் நின்றது.

"எத்தன பேரு?"

"நாலு."

"நல்லாச் சாப்புடுவாங்களா?"

"தெரியாது அத்தை."

"சாப்புட வெச்சுடலாம்." அவள் வாளியைத் தூக்கினாள். "மரியாதைக்கு ஆட்டுத் தலை அவங்க தலைவிக்குத்தான். இப்பவே சொல்லிட்டேன். பயந்து கத்தக் கூடாது."

அவர்கள் வந்தார்கள். சிவப்புப் பள்ளத்தாக்கில் பாறைகள் எரிவதை எடுத்தார்கள். கீழ்ப் புல்வெளியில் ஆறு வீட்டு ரொட்டியையும் ஆகாத்தா பிய்த்து, ஒவ்வொன்றுக்கும் கையை நெஞ்சில் வைத்தாள். மறுநாள் மேய்ச்சல் வெளியில் எல்லாரும் வாசலில் நின்று கையை அசைத்தார்கள். யாரும் கடிவாளத்தைத் தொடவில்லை. மிர்சாகானின் மனைவி மட்டும் தன் கையைத் தானே பிடித்துக்கொண்டு நின்றாள். வெளிச்சம் மிச்சமிருக்கும்போதே ஏரிக்கு வந்துவிட்டோம். தண்ணீரில் மலை தலைகீழாகக் கிடந்தது.

விடியலில் உப்புத் தரையின் ஓரப் பாறைகளுக்குப் பின்னால் படுத்திருந்தோம். குதிரைகளைப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லிப் பெரியப்பாவும் வந்திருந்தார். குதிரைகளைக் கீழே கட்டிவிட்டு என் பக்கத்தில் படுத்துக்கொண்டார். காற்று முகத்துக்கு நேராக வந்தது. சூராகான் அத்தையின் கூடாரத்தில் புகை இல்லை.

முதலில் ஒரு கல் உருண்டது. பிறகு வரிசையாக இறங்கின. முன்னால் வந்த கிழட்டு ஆட்டின் கொம்பு ஒரு சுற்று முழுதாகச் சுற்றி வெளியே விரிந்திருந்தது. அது நின்று, எங்கள் பக்கம் பார்த்து, தலையைக் குனிந்து உப்பை நக்கத் தொடங்கியது. கேமராக்கள் மெதுவாகச் சொடுக்கின. பெரியப்பா என் சட்டைக் கையை இறுக்கிப் பிடித்திருந்தார். அது அவருக்கே தெரியாது.

வெயில் வந்ததும் அவை அவசரமில்லாமல் கணவாயேறிப் போயின. ஆகாத்தா தவழ்ந்து வந்து கேமராவின் திரையைப் பெரியப்பாவிடம் காட்டினாள். கிழட்டுக் குல்ஜாவின் முகம். இரண்டு கொம்பும் முழுதாக. கண்ணிமை மயிரில் உப்புத்தூள்.

பெரியப்பா வெகுநேரம் பார்த்தார். "அறுபது வருஷமா இதுங்களப் பாக்கறேன்," என்றார். "இமை இருக்குன்னு தெரியாதே."

"அப்ப வேட்டை முகாம்காரனுக்கு என்ன சொல்லப் போறீங்க பெரியவரே?"

"அவன் நடந்து ஏறட்டும். காலு இல்ல?"

அண்ணி பாறையின் மேல் ஏறி நின்று கத்தினாள். வார்த்தை ஒன்றும் இல்லை, வெறும் சத்தம். பள்ளத்தாக்கு அதை வாங்கித் திருப்பிக் கொடுத்தது. நானும் ஏறிக் கத்தினேன். என் குரல் அவ்வளவு தூரம் போகும் என்று நான் நினைத்ததில்லை.

"போதும்டி, அதுங்களச் சீனா வரைக்கும் வெரட்டிடுவீங்க போல!" என்று கீழிருந்து திட்டினார் பெரியப்பா. பிறகு தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு அவரும் கத்தினார்.