கிப்பருக்கு ஐந்து கிராம் ஈரல்

அன்று காலை கிப்பரால் தன் கூண்டின் மேல்தட்டுக்கு ஏற முடியவில்லை. சரிவுப்பலகை இரண்டு முழம்கூட இருக்காது. முன்னங்கால்களைப் பலகையில் வைத்தான். பின்னங்கால்கள் வரமாட்டோம் என்பதுபோல வைக்கோலிலேயே கிடந்தன. கழுத்தை வளைக்காமல் உடம்போடு சேர்த்துத் திருப்பி மார்னியைப் பார்த்தான். இரவோடு இரவாக அவள்தான் பலகையை உயர்த்திவிட்டாள் என்று குற்றம் சாட்டுவதுபோல இருந்தது அந்தப் பார்வை.

கிப்பர் நான்கு வயது ஆண் ஃபெரட். பார்வைக்குக் கீரிப்பிள்ளையின் தம்பி. முயல் வளைக்குள் புகுந்து உள்ளே இருக்கும் முயலை வெளியே விரட்டுவதில் யார்க்ஷயரின் ஓட்ஷா வட்டாரத்திலேயே அவனுக்கு இணை இல்லை என்று மார்னியின் மாமா நெவில் சொல்லிக்கொண்டிருந்தார். அவன் மார்னியுடையவன்; அவள் வீட்டுப் பின்கட்டில்தான் வாழ்ந்தான். ஆனால் குளிர்காலம் முழுக்க வியாழனும் ஞாயிறும் நெவில் வந்து பெட்டியில் வைத்து மேட்டு வயல்களுக்குத் தூக்கிப்போவார். அந்த இரண்டு நாளும் மார்னிக்கு ஓடு விற்கும் கடையில் வேலை. ஒருநாளும் அவள் கூடப் போனதில்லை.

மார்னிக்கு இருபத்து நான்கு வயது. செவ்வாய்க்கிழமைகளில் பிராணி வளர்ப்பு பற்றிய மாலை வகுப்புக்குப் போனாள். தினமும் என்ன கொடுத்தோம், என்ன மிஞ்சியது என்று எழுதி வையுங்கள் என்று அங்கே சொன்ன நாளிலிருந்து, இரண்டு வருடமாக ஒருநாள் விடாமல் எழுதியிருக்கிறாள். காலையில் நூற்றுப்பத்து கிராம், வேட்டை நாளில் மட்டும் அவன் திரும்பி வந்தபிறகு; எல்லாம் பச்சையாக. முயல் கறியும் கோழி இதயமும் பெரும்பங்கு. கோழிச் சிறகு எலும்போடு. சிறுநீரகமோ மண்ணீரலோ ஐந்து கிராம். ஈரல் ஐந்து கிராம், ஒரு கிராம் கூடக்கூடாது.

கால்நடை மருத்துவரம்மா எக்ஸ்ரே படத்தை வெளிச்சப் பலகையில் மாட்டினார். இடுப்பெலும்பும் கால் எலும்புகளும் புகையால் வரைந்ததுபோல இருந்தன. கழுத்தெலும்புகளில் மட்டும் தேவையில்லாத இடத்தில் முடிச்சு முடிச்சாக வளர்ந்திருந்தது.

"என்ன சாப்பாடு குடுக்கறீங்க?"

மார்னி நோட்டை நீட்டினாள். கொஞ்சம் பெருமையாகத்தான் நீட்டினாள் என்று பிறகு நினைத்து வெட்கப்பட்டாள். மருத்துவர் நாலு பக்கம் புரட்டினார்.

"ஈரல் அஞ்சு கிராமா?"

"அஞ்சுதான்."

"இது அஞ்சு கிராம் ஈரல் தின்ன கழுத்து இல்லைங்க. எலும்பு தின்ன காலும் இல்லை. ஈரல் மிஞ்சிப்போனா கழுத்தெலும்பு இப்படித்தான் முடிச்சு விடும்." நோட்டை மூடித் திருப்பிக் கொடுத்தார். "வீட்டுல பச்சைக்கறி குடுக்கறவங்க எல்லாரும் சரியாத்தான் குடுக்கறோம்னு நினைக்கறாங்க. உலர்தீவனத்துக்கு மாத்திப் பாருங்க. ஆறு வாரம் கழிச்சு இன்னொரு படம் எடுப்போம். இப்படியே மோசமாப் போனா, வலியில வெச்சிருக்கறது பாவம். ஊசி போட்டுத் தூங்க வெச்சுரலாம்."

பொய் சொல்கிறாய் என்று அவர் சொல்லவில்லை. ஆனால் அதைத்தான் சொன்னார். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் மார்னிக்குக் காது சுட்டது. அழகான பதில்கள் பேருந்தில் ஏறிய பிறகு வரிசையாக வந்தன. வீட்டுக்குள் நுழைந்ததும் எல்லாம் ஓய்ந்து, வழக்கமான சந்தேகம் வந்தது. ஒருவேளை தராசு தப்போ? ஒரு பவுண்டு நாணயம் எட்டே முக்கால் கிராம். பத்து நாணயத்தைத் தட்டில் அடுக்கினாள். எண்பத்தேழரை காட்டியது. எடுத்துவிட்டு மறுபடி அடுக்கினாள். அதே எண்பத்தேழரை.

உலர்தீவனத்தைக் கிப்பர் மூக்கால் புரட்டி, ஒவ்வொரு உருண்டையாக மூலைக்குக் கொண்டுபோய் வைக்கோலுக்கடியில் புதைத்தான். குட்டியில் தின்னாததை ஃபெரட் பெரிதானபின் உணவென்றே ஒத்துக்கொள்ளாது. மூன்று நாளில் தொண்ணூறு கிராம் இளைத்துவிட்டான். நான்காம் நாள் மார்னி சிறகை வெட்டிப்போட்டாள். தப்பான சாப்பாட்டைத்தான் போடுகிறோமோ என்ற பயத்தோடே போட்டாள். கிப்பர் படுத்தபடியே எலும்பைக் கடைவாயில் வைத்து நொறுக்கினான்.

இந்தக் குளிர்காலத்தில் அபூர்வமாகிப்போன அந்தச் சத்தம்தான் அவளை மறுபடி நோட்டின் முன்னால் உட்கார வைத்தது. எவ்வளவு கொடுத்தோம் என்ற பத்தியையே இதுவரை திரும்பத் திரும்பச் சரிபார்த்தாள். இந்தமுறை மிஞ்சியது எவ்வளவு என்ற பத்தியைப் பார்த்தாள். ஞாயிறு: சிறகு அப்படியே. திங்கள்: சிறகு, பாதி இதயம். வியாழன்: சிறகு அப்படியே. வெள்ளி: சிறகு. அக்டோபரிலிருந்து ஜனவரி வரை வாரத்தில் நாலு நாள், வேட்டை நாளும் அதன் மறுநாளும், எலும்பை அவன் தொடவே இல்லை. பக்கத்திலேயே அவள் கையெழுத்தில் ஒரே சொல் திரும்பத் திரும்ப இருந்தது: களைப்பு.

வயல்களில் ஏதோ நடக்கிறது. அடுத்த ஞாயிற்றுக்குக் கடையில் லீவு கேட்டு, மேட்டு வயலுக்கு அவளும் போனாள்.

"காலேஜ் அம்மா வந்துட்டாங்க, எல்லாரும் நேரா நில்லுங்கப்பா," என்றார் கிளிஃபர்ட். நெவிலின் கூட்டாளிகள் அவரும் டென்னிஸும். மூவருக்கும் அறுபது தாண்டியிருந்தது. மூவரும் ஒரே தொழிற்சாலையில் இருந்து ஓய்வு பெற்றவர்கள். தூறலில் தொப்பிகள் கறுத்திருந்தன.

"தராசு கொண்டாந்தியா கண்ணு?" என்றார் டென்னிஸ். "முயல் வெளிய வந்ததும் நிறுத்துப் பாத்துட்டு உள்ள விட்டுரலாம்."

"உங்களை நிறுக்கத்தான் பெருசா ஒன்னு வேணும்," என்றாள் மார்னி.

கிப்பர் வீட்டில் ஓய்வில் இருந்ததால் நெவிலின் பெண் ஃபெரட் டாட்டைக் கொண்டுவந்திருந்தார்கள். கற்சுவருக்கு இந்தப்பக்கம் நெவிலின் வலைகள், அந்தப்பக்கம் டென்னிஸின் வலைகள், முட்புதருக்குப் பின்னால் கிளிஃபர்டின் வலைகள். ஒவ்வொரு வளை வாயிலும் ஒரு வலை. டாட் உள்ளே போனதும் தரைக்கடியில் மேளம் அடிப்பதுபோலக் கால்கள் தடதடத்தன. முதல் முயல் நெவிலின் வலையில் வந்து சுருண்டது. நொடியில் அதன் கழுத்தை முறித்து, அங்கேயே வயிற்றைக் கீறி, ஈரலை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். நோய்க்கு அடையாளமான வெள்ளைப் புள்ளி இல்லை. கட்டைவிரல் அளவு அறுத்து, வெளியே வந்த டாட்டுக்கு ஊட்டினார்.

"அதோட கூலி," என்றார். "சூடா, கையால குடுக்கணும். யாரு வலையில விழுந்துச்சோ அவங்க குடுக்கணும். அதுதான் முறை."

"ஒரு துண்டுதானே மாமா?"

"ஒன்னே ஒன்னு. நான் என்ன வாரியா இறைக்கறேன்?"

உண்மைதான். அன்று முழுக்க நெவில் கொடுத்தது ஒன்றே ஒன்று. ஆனால் மார்னி ஒரே இடத்தில் நிற்கவில்லை. சுவரேறி அந்தப்பக்கம் போனாள். புதரைச் சுற்றிப் போனாள். டென்னிஸ் வலையில் மூன்று முயல். மூன்றுக்கும் கூலி. மூன்றாவதற்கு, நல்லா உழைச்சுது பாவம் என்று முழு ஈரலையே கொடுத்தார். கிளிஃபர்ட் வலையில் இரண்டு. சுவருக்கும் புதருக்கும் நடுவே ஒருவர் கொடுத்தது மற்றவருக்குத் தெரியவே தெரியாது.

மதியம் பிளாஸ்க்கைத் திறந்து, பன்றிக்கறி ரொட்டியைப் பிரித்தார்கள். மார்னி நின்றபடியே கேட்டாள்.

"கிப்பர் வர்றப்பவும் இப்படித்தானா?"

"கிப்பரா?" டென்னிஸ் வாய்நிறைய ரொட்டியோடு சிரித்தார். "அவன் ஒரு காலையில பத்து முயலை விரட்டுவான். அவனுக்கு இந்தக் கட்டைவிரல் கணக்கெல்லாம் கிடையாது. அவன் ராஜா."

"அப்ப ஆளுக்கு எவ்வளவு குடுப்பீங்க?"

"என் வலையில விழுந்ததுக்கு நான் குடுப்பேன்," என்றார் கிளிஃபர்ட். "கூலி குடுக்காம ஏமாத்துற ஆளா நான்?"

"இன்னிக்கு டாட் ஆறு தடவை தின்னுச்சு. நான் எண்ணினேன். நூத்திருபது கிராமுக்குக் குறையாது. கிப்பரோட ஒரு நாள் சாப்பாடு மொத்தமே நூத்திப்பத்து. அதுல ஈரல் அஞ்சு. நீங்க மூணு பேரும் சேந்து ஒரு நாள் சாப்பாட்டுக்கு மேல வெறும் ஈரலாவே அவன் வயித்துல ரொப்பி அனுப்பியிருக்கீங்க. வாரத்துல ரெண்டு தடவை. நாலு மாசமா."

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நெவில் கோப்பையைக் கீழே வைத்தார்.

"அதனால என்ன கண்ணு? ஈரல் என்ன விஷமா? முயல்லயே நல்ல துண்டு அதுதான். எங்கப்பா காலத்துல ரொட்டியைப் பால்ல ஊறப்போட்டு வெப்பாங்க. பச்சைக்கறி ருசி கண்டா கையைக் கடிக்கும்னு பயம். நாங்க அப்படியா வளக்கறோம்? உள்ளதுலயே ஒசத்தியானதை எடுத்து ஊட்டறோம்."

"ஒசத்தியானது மட்டும் ஊட்டினீங்க மாமா. வயிறு ரொம்பி வீட்டுக்கு வந்து எலும்பை மோந்துகூடப் பாக்கலை அவன். எலும்பு இல்லாம காலு போச்சு. ஈரல் ஏறிக் கழுத்து போச்சு."

"நாப்பது வருசமா ஃபெரட் வளக்கறேன். எனக்கு ஒரு நோட்டு வந்து பாடம் சொல்லுதா?"

வழக்கமாக இந்த இடத்தில் மார்னி மன்னிப்புக் கேட்டுவிடுவாள். வாய்வரை வந்தும் விட்டது. கூண்டின் அடியில் கிடந்த பின்னங்கால்கள் நினைவுக்கு வந்தன.

"ஒரு கிராம் கூடிரக்கூடாதுன்னு தினமும் கண்ணைச் சுருக்கிக்கிட்டு நிக்கறேன். கூடினா திரும்ப வழிச்சு எடுக்கறேன். அந்த மருத்துவரம்மா என் மூஞ்சிக்கு நேரா நம்பலைங்கறாங்க. என் கை தப்போன்னு என் தராசையே நான் சந்தேகப்பட்டேன். நீங்க யாராவது ஒருத்தர், ஒரே ஒரு நாள், இன்னிக்கு நான் இவ்வளவு குடுத்தேன் மார்னின்னு சொன்னீங்களா? அவன் சாகப்போறான் மாமா. உங்க மூணு பேரோட மரியாதையில சாகப்போறான்."

தூறல் வலுத்தது. கிளிஃபர்ட் ரொட்டியின் மீதியைத் தாளில் மடித்தார்.

வியாழக்கிழமை நெவில் வழக்கம்போலப் பெட்டியோடு வாசலுக்கு வந்தார்.

"கீழ் வயல்ல முயல் தொல்லைன்னு விவசாயி நச்சரிக்கறான். டாட்டால ஆகலை. சும்மா ஒரு மணி நேரம் விடேன். ஈரலே காட்டமாட்டோம்."

"அவனால நடக்கவே முடியலை."

"வேலை செய்யற பிராணியைச் சோபா மெத்தையா ஆக்கிட்டே, போ."

"அவன் என்னோடவன் மாமா. நீங்க இரவல் வாங்கிட்டுப் போனீங்க. இரவல் வாங்கினதை இப்படியா திருப்பிக் குடுப்பாங்க?"

நெவில் முகம் சிவந்தார். காலிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். பிறகு ஒரு மாதத்துக்கு மேல் அந்தத் தெருப்பக்கமே வரவில்லை. மார்னியின் அம்மாவுக்கு, உன் பெண்ணுக்குப் படிப்பு தலைக்கேறிவிட்டது என்று மட்டும் சொல்லியனுப்பினார்.

மார்னி ஈரலை அடியோடு நிறுத்தினாள். சிறகு அதே அளவுதான். இப்போது கிண்ணம் காலியானது. ஒவ்வொரு வாரமும் இது போதுமா, இன்னும் கொஞ்சம் எலும்பு சேர்க்கலாமா என்று குழம்பினாள். சேர்க்காமல் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள். நான்காம் வாரம் கிப்பர் பலகையில் பாதி ஏறி, யோசித்து, பின்னாலேயே இறங்கினான்.

ஆறாவது வாரம் புதுப் படத்தைப் பழைய படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார் மருத்துவர். கால் எலும்புகளின் விளிம்பில் மெல்லிய வெள்ளைக்கோடு விழுந்திருந்தது. கழுத்தின் முடிச்சுகள் அப்படியே இருந்தன.

"கழுத்து இனிமே இப்படித்தான் இருக்கும். வளைக்குள்ள இறங்க முடியாது," என்றார். "ஆனா கால் எலும்பு பிடிக்குது. தூங்க வெக்கற பேச்சை விட்டுரலாம். தீவனத்துக்கு மாறிட்டானா?"

"இல்லை. அதே பச்சைக்கறிதான். மூணு பேர் எனக்குத் தெரியாம ஈரல் ஊட்டிட்டு இருந்தாங்க. அதை நிறுத்தினேன்."

"அப்படியா?" மருத்துவர் கணினியின் பக்கம் திரும்பித் தட்டச்சு செய்தார். மார்னி மேசைமேல் எக்கித் திரையைப் படித்தாள். காரணம் என்ற கட்டத்தில் முன்பே எழுதியிருந்தது: உரிமையாளரின் உணவுப் பிழை. அதற்குக் கீழே, சரிசெய்யப்பட்டது என்று இப்போது சேர்ந்தது.

"அதை அழிங்க," என்றாள் மார்னி.

"எதை?"

"உரிமையாளரின் பிழைங்கறதை. நீங்க படத்தைப் பாத்தீங்க, நோட்டைப் பாத்தீங்க. ரெண்டும் ஒத்துப்போகலைன்னதும் நோட்டு பொய்னு முடிவு பண்ணிட்டீங்க. நடுவுல வேற யாராவது ஊட்டறாங்களான்னு ஒரு வார்த்தை கேக்கலை."

மருத்துவர் கணினியிலிருந்து அவள் பக்கம் திரும்பினார். கிப்பர் பெட்டிக்குள் துணியைச் சுரண்டினான்.

"சரி. கேட்டிருக்கணும்." வரியை அழித்தார். "என்ன எழுதட்டும்?"

மார்னிக்கு அதுவரை இருந்த வேகம் திடீரென்று தடுமாறியது. நாலு மாதம் சிறகு மிஞ்சியதைப் பார்த்ததும் அவள்தான், களைப்பு என்று எழுதியதும் அவள்தான். சொல்லாமல் விட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை.

"வேட்டைக்குக் கூட்டிட்டுப் போனவங்க மூணு பேர், ஆளாளுக்குத் தனித்தனியா, ஒருத்தருக்கொருத்தர் தெரியாம ஈரல் குடுத்தாங்கன்னு எழுதுங்க. சாப்பாடு மிஞ்சினதை உரிமையாளர் பாத்தாங்க, ஆனா ஏன்னு கேக்கலைன்னும் எழுதுங்க."

"இந்தக் கட்டத்துல அவ்வளவு இடம் இல்லையேம்மா."

"அடுத்த கட்டத்துல எழுதுங்க," என்றாள் மார்னி. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அவர் தட்டச்சு செய்து முடிக்கும்வரை திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.