உடம்பு இன்னும் நம்பவில்லை

அழகுமுத்து இலங்கை மலையகத்தில், லிந்துலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் லாரி ஓட்டினார். தேயிலைப் பெட்டிகளை ஏற்றித் தலவாக்கலை ரயில் ஸ்டேஷனில் சேர்ப்பது அவர் வேலை. பதினோரு வருஷத்தில் லாரியில் ஒரு கீறல்கூட விழவில்லை என்று சொல்லிக்கொள்வார். தெரியாதவர்களிடமும் சொல்லுவார். பெட்டி ஒன்று கோணலாக இருந்தாலும் அதட்டி இறக்க வைப்பார்.

ஐம்பத்தொன்பதாம் வருஷம் ஆனி மாதம் மழை விடாமல் பெய்தது. ஒருநாள் காலை மலைப்பாதையின் இரண்டாவது வளைவில் பாதையோரம் சரிந்து, லாரியின் பின்சக்கரம் ஒன்று அந்தரத்தில் நின்றது. பெட்டி ஏற்றி இறக்கும் செல்லசாமி வெளியே குதித்துவிட்டார். அழகுமுத்தால் குதிக்க முடியவில்லை. பிரேக்கிலிருந்து காலை எடுத்தால் லாரி பள்ளத்துக்குப் போய்விடும். பக்கத்து லயத்துத் தொழிலாளர் வீடுகளிலிருந்து ஆட்கள் ஓடிவந்து கல் அடைகொடுத்துக் கயிறு கட்டும்வரை அரைமணி நேரம் காலை எடுக்காமல் இருந்தார். ஒரு பெட்டிகூட நனையவில்லை. தோட்டத்தை நடத்தும் துரை கூப்பிட்டுக் கைகுலுக்கினார்.

மறுநாள் லாரியில் ஏறி உட்கார்ந்ததும் கை நடுங்கியது. வேர்த்துக் கொட்டியது, நெஞ்சு அடிப்பது காதுக்கே கேட்டது. இறங்கிவிட்டார். அதற்கு மறுநாளும் அப்படியே. பக்கத்துத் தோட்டத்து டிரைவர் ஒருவரை வரவழைத்து லாரியை ஓட்டினார்கள்.

லாரியோடு அது நிற்கவில்லை. கோழி கூவுமுன்பே விழித்துவிடுவார். சோறு இறங்கவில்லை. ஒரு மாதத்தில் கன்னம் ஒட்டிப்போனது. கூரைத் தகரத்தைச் சரிசெய்ய ஏணியில் ஏறினவர் பாதியில் இறங்கி வந்தார். கதவைச் சாத்தினோமா என்று மனைவி ராக்காயியிடம் மூன்று தடவை கேட்டார். கடையில் எந்தச் சட்டைத்துணி எடுப்பது என்று தெரியாமல் வெறுங்கையோடு திரும்பினார். முனி அடித்துவிட்டது என்றார்கள் லயத்தில். ராக்காயி கோயிலில் கயிறு மந்திரித்துக் கட்டினாள். பிறகு தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிஸ்பென்சர் வியாகுலத்திடமும் அழைத்துப் போனாள். இரண்டில் எது பலித்தாலும் அவளுக்குச் சரிதான்.

வியாகுலம் நாடி பார்த்தார், நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டார். நெஞ்சில் கோளாறு இல்லை என்றார். சிறுநீரகத்துக்கு மேலே தொப்பி மாதிரி இரண்டு சுரப்பி இருக்கிறது, ஆபத்து வந்தால் அதிலிருந்து ஒரு நீர் இரத்தத்தில் கலக்கும், நெஞ்சு வேகமாக அடிக்கும், கைகால் முறுக்கேறும், பசியும் தூக்கமும் தள்ளிப்போகும் என்று நிதானமாக விளக்கினார். ஆபத்து போனதும் அது அடங்க வேண்டும். சிலருக்குச் சீக்கிரம் அடங்குவதில்லை.

 அழகுமுத்து தலை நிமிராமலே கேட்டார். “நான் பயந்தாங்கொள்ளி ஆயிட்டேன்னுதானுங்க ஐயா நெனச்சேன். அப்புடி இல்லீங்களா?”

“அன்னைக்கு அரைமணி நேரம் ஒன் காலப் பிரேக்குல புடிச்சு வச்சது எதுன்னு நெனக்கிற? இதே நீர்தான். லாரி தப்பிச்சிருச்சின்னு ஒனக்குத் தெரியுது. ஒடம்பு இன்னும் நம்பல.”

“அத எப்புடீங்க நம்ப வைக்கிறது?” என்று கேட்டது ராக்காயி.

அதற்கு மருந்துப் புட்டி இல்லை என்றார் வியாகுலம். தினமும் நடக்கட்டும், பொழுது சாய்ந்தபின் தேயிலைச் சாயம் குடிக்க வேண்டாம், லாரியை விட்டு ஒதுங்காமல் கொஞ்சம் கொஞ்சமாகப் பழகட்டும் என்றார். ஆபீசில் அவரே பேசி, லாரியில் ஏறிப் பழக அனுமதியும் வாங்கித் தந்தார்.

அன்றிலிருந்து சாயங்காலம் பறித்த தேயிலைக் கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு ராக்காயி நேரே லாரிக் கொட்டகைக்கு வருவாள். முதல்நாள் இருவரும் லாரியைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள், அவ்வளவுதான். இரண்டு நாள் கழித்து ஏறி உட்கார்ந்தார்கள். அவர் நெஞ்சில் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பாள். அடிக்கிறது என்றால் அடிக்கட்டும் என்பாள். கொழுந்து பறிக்கும் மலையில் யார் யாரோடு சண்டை, யார் வீட்டு ஆடு யார் கீரையைத் தின்றது என்று அது அடங்கும்வரை பேசிக்கொண்டே இருப்பாள். அடுத்த வாரம் என்ஜினை முடுக்கினார். அதற்கடுத்த வாரம் தேயிலை அரைக்கும் ஸ்டோர்வரை ஓட்டினார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, இரண்டாவது வளைவுவரை போனார்கள். சரிந்த இடத்தில் பாதையைத் தாங்கப் புதிதாகக் கல்லணை கட்டியிருந்தது. அதைக் கண்டதும் அவருக்குக் கை நடுங்கத் தொடங்கியது. லாரியை நிறுத்தி, தன்னால் ஆகாது, திரும்பிவிடலாம் என்று சொல்லப் பக்கத்தில் பார்த்தார். ராக்காயி இரண்டு கையாலும் இருக்கையை இறுக்கிப் பிடித்திருந்தாள். உதடு வெளுத்துக் கிடந்தது.

“என்ன புள்ள, ஒனக்கு என்ன செய்யுது?”

“ஒண்ணுமில்லீங்க. அன்னைக்கு மலையில நிக்கும்போதுதான் லாரி கவுந்துருச்சின்னு யாரோ கத்துனாங்க. அன்னையிலருந்து இந்த லாரிச் சத்தம் கேட்டாலே எனக்குக் கையி காலு ஆடுது.”

“அப்ப எதுக்குத் தெனம் கூட வந்து ஏறுன?”

“நீங்க தனியா ஏறணுமேன்னுதான்.”

 அவர் அவள் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டார். சில்லென்று இருந்தது. சூடேறும்வரை தேய்த்துவிட்டார். இறங்கிப் போய்க் கல்லணையை மிதித்துப் பார்த்தார், ஓரத்து மண்ணைக் குச்சியால் குத்திப் பார்த்தார், திரும்பி வந்து அது பாறை மாதிரி இருக்கிறது என்று அவளிடம் விளக்கினார். எந்தச் சக்கரம் எங்கே போகும் என்றுகூடச் சொன்னார். பிறகு முதல் கியரில் போட்டு வளைவைக் கடந்தார். கடந்த பிறகுதான் தன் கை நடுங்கவில்லை என்பதைக் கவனித்தார்.

ஆவணியில் மறுபடி வேலையில் சேர்ந்தார். மழைநாளில் அந்த இடத்தில் நெஞ்சு அடிக்கத்தான் செய்தது. அடித்தால் ஓரமாக நிறுத்தி, அடங்கியபின் கிளம்புவார்.

ஒருநாள் செல்லசாமி கொழுந்து மலைக்கே வந்து ராக்காயியிடம் முறையிட்டார். பெட்டிகளைச் சரியாக அடுக்கவில்லை என்று சொல்லி, ஏற்றின முப்பதையும் இறக்கி மறுபடி ஏற்ற வைத்தாராம் அழகுமுத்து. அதட்டல் ஸ்டோருக்குள்ளேயே கேட்டதாம்.

“அம்புட்டுச் சத்தமாவா போட்டாரு?” என்று கேட்டாள் ராக்காயி. ஆமாம் என்றார் செல்லசாமி கோபமாக. அவள் சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, கூடையோடு அடுத்த தேயிலை நிரைக்குத் திரும்பிவிட்டாள்.